மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? உடல் பருமன், இதயம், உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னிடம் வருகிறவர்களில் எடை கூடியவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிலதைக் கூச்சத்தோடு, கூட வந்தவர் வெளியே போன பிறகு மெதுவாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது பற்றி மட்டும் உங்கள் மருத்துவரிடமே பேசுங்கள்.

இரண்டு மாடி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. எடையால்தானா, இல்லை இதயத்தில் கோளாறா?

எடையாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் எடையின் பங்கைப் பார்ப்போம். 60 கிலோ இருக்க வேண்டிய ஒருவர் 90 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக 30 கிலோ. வீட்டுக்கு வரும் சமையல் சிலிண்டரில் காஸ் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ வரும். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு வருகிறவர் வாசலில் நின்று மூச்சு வாங்கினால் தண்ணீர் கொடுக்கிறோம், கொஞ்சம் உட்காருங்கள் என்கிறோம். அதே சுமையை உடம்பிலேயே வைத்துக்கொண்டு ஏறுகிறவரைப் பார்த்து, நாலு படி ஏற முடியவில்லையே, சோம்பேறி என்கிறோம். பல வருடமாக என் மனதை உறுத்துகிற விஷயம் இது.

சரி, மூச்சு வாங்கினாலே எடைதான் என்று விட்டுவிடலாமா? கூடாது. போன பொங்கலுக்குச் சுலபமாக ஏறிய அதே படி இந்தப் பொங்கலுக்கு ஏற முடியவில்லை, எடையோ அப்படியே இருக்கிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. குனிந்து கோலம் போடும்போது அல்லது செருப்பு வாரை மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவது, படுத்தால் இளைப்பு வந்து இரண்டு மூன்று தலையணை வைத்துக்கொள்வது, நள்ளிரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காருவது, மாலையில் கால் வீங்குவது இவையெல்லாம் இதயம் அனுப்பும் செய்தியாக இருக்கலாம். கணுக்காலுக்கு மேல், முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, ஆஸ்துமா ஆகியவையும் இதே மாதிரி இளைப்பைக் கொடுக்கும் என்பதால், எதுவும் பார்க்காமல் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், என்னென்ன பரிசோதனை செய்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

நானும் என் தங்கையும் சேர்ந்துதான் நடக்கிறோம். அவள் பேசிக்கொண்டே வருகிறாள், எனக்கு நாக்கு தள்ளுகிறது. ஏன்?

கணக்குப் போட்டால் விளங்கும். உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கிறது. இதை 1 மெட் என்பார்கள். சமதரையில் சாதாரண வேகத்தில் நடக்க ஏறக்குறைய 3 மெட், படியில் நிதானமாக ஏற 5 மெட் அளவுக்குத் தேவை.

தங்கை 60 கிலோ, நீங்கள் 90 கிலோ. உங்கள் இருவரின் இதயமும் நுரையீரலும் தசையும் சேர்ந்து அதிகபட்சமாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று வைத்துக்கொள்வோம். நடக்கும்போது தங்கைக்குத் தேவை 630 மில்லி; அவளுடைய மொத்தத் திறனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உங்களுக்குத் தேவை 945 மில்லி, கிட்டத்தட்டப் பாதி. படி ஏறும்போது அவளுக்கு 1,050 மில்லி போதும். உங்களுக்கு 1,575 மில்லி, அதாவது மொத்தத் திறனில் ஐந்தில் நாலு பங்கு. அவள் நடந்துகொண்டிருக்கிறாள், அவளோடு சேர்ந்து போகும் உங்கள் உடம்பு கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தால் அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மார்புச் சுவரின் மேலும் எடை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சைத் தூக்க வேண்டியிருப்பதால் மூச்சு விடுவதற்கே கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது. சாய்ந்து படுத்தால், குனிந்தால் இது இன்னும் மோசமாகும்.

எடை கூடினால் இதயத்துக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

உடம்பு பெருத்தால் அதற்குப் பாய வேண்டிய ரத்தமும் கூடுகிறது. நடுத்தர உடம்பில் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி வீதம், நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. பருமனான உடம்பில் ரத்தத்தின் மொத்த அளவு அதிகம் என்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ள வேண்டியதும் அதிகம். வருடக்கணக்கில் இப்படி உழைக்கும் இடது கீழறை மெல்ல விரிகிறது, அதன் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் விறைப்பானது. சுருங்குவதில் சிக்கல் இருக்காது, தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் தகராறு.

அப்புறம் ரத்த அழுத்தம். கொழுப்புத் திசுவை உடம்பின் கிடங்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு சுரப்பியைப் போல வேலை செய்கிறது. உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் சொல்லும் பொருள்கள், நரம்புகளை உசுப்பிவிடும் பொருள்கள், ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இதில் முதல் குற்றவாளி. சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு எல்லாம் ஒருவருக்கே சேர்ந்து வருவதற்கு இந்தக் கொழுப்பு பெரிய காரணம். இதயத்தின் மேலேயும் ஒரு கொழுப்புப் போர்வை உண்டு. அது தடித்தால், இடையில் எந்தத் திரையும் இல்லாமல் நேராக இதயத் தசையையே பாதிக்கும்.

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் மக்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே 5,881 பேரைச் சராசரியாக 14 வருடம் கவனித்ததில், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ எண் ஒரு புள்ளி கூடும்போதெல்லாம், இதயச் செயலிழப்பு (உடம்பின் தேவைக்கு இதயம் ஈடுகொடுக்க முடியாத நிலை) வரும் அபாயம் ஆண்களுக்கு 5 சதவீதமும் பெண்களுக்கு 7 சதவீதமும் கூடியது. 2002-ல் வந்த முடிவு இது. பெண்களுக்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் அம்மாக்களின் இளைப்பைத்தான் வயசாகிவிட்டது என்று கடைசியாகக் கவனிக்கிறோம்.

எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நடக்க முடியவில்லை. யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பலர் கண் கலங்கித்தான் கேட்பார்கள்.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் சொல்லும் 60 சதவீதம் என்பது, கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. எவ்வளவு நிரம்பியது, நிரம்புவதற்கு எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்பதை அந்த எண் சொல்லாது. விறைத்த இதயத்தைப் புது பலூனோடு ஒப்பிடலாம். ஊதுவதற்கே தம் கட்ட வேண்டும், ஆனால் விட்டால் காற்றை நன்றாகவே தள்ளும். படுத்திருக்கும்போது எடுக்கும் எக்கோவில் எல்லாம் சரியாகத் தெரியும். நடக்கத் தொடங்கினால் இதயம் வேகமாகத் துடிக்கும், நிரம்பக் கிடைக்கும் நேரம் குறையும். விறைத்த அறைக்குள் ரத்தம் போக மறுத்துப் பின்னால் நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறும். அப்போதுதான் மூச்சு முட்டும். நின்றால் சரியாகிவிடும்.

பம்பிங் குறையாமலே வரும் இதயச் செயலிழப்பு என்று இதற்குப் பெயர். உடல் பருமன், பிரஷர், சுகர், வயது இந்த நாலும் சேர்ந்த இடத்தில் அதிகம் வரும். கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதயச் செயலிழப்பைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு பருமனானவர்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். எண் குறைவாக வந்ததாலேயே இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எக்கோ அறிக்கையில் டயஸ்டாலிக் செயல்பாடு (இதயம் தளர்ந்து நிரம்பும் விதம்), இடது மேலறையின் அளவு என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் நடக்கவைத்தோ சைக்கிள் மிதிக்கவைத்தோ எக்கோ எடுப்பார்கள்.

நாங்கள் செய்யும் ஆறு நிமிட நடைச் சோதனையும் உதவும். 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, விரலில் ஆக்சிஜன் கிளிப், என் கையில் ஸ்டாப்வாட்ச். ஓடக் கூடாது, நடக்க வேண்டும்; முடியாவிட்டால் நின்று சுவரில் சாய்ந்துகொள்ளலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. ஒரு அம்மா மூன்றாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்தபடி நின்று, "எல்லாரும் நான் நடிக்கிறேன்னு சொல்றாங்க" என்றார். ஆறு நிமிடத்தில் அவர் கடந்த தூரத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

நான் குண்டு கிடையாது. கை கால் எல்லாம் ஒல்லி, தொப்பை மட்டும்தான். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். 2004-ல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே போட்டு லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதுதான் நம் ஊர் உடல்வாகு. அதனால்தான் மேல்நாட்டில் 30-க்கு மேல் பருமன் என்றால் இந்தியர்களுக்கு 25-லேயே பருமன் என்று இங்குள்ள மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. 25-ஐக் கோடாக வைத்து 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதைத் தாண்டியிருந்தார்கள். அதில் சேராத ஒல்லித் தொப்பைக்காரர்கள் தனி.

இடுப்பை அளந்து பாருங்கள். பேண்ட் சைஸ் 34 என்று சொல்வார்கள். பேண்ட்டை மாட்டுவதே தொப்பைக்குக் கீழே, அந்த அளவு உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கி, மூச்சை இயல்பாக விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தொட்டால் கவனம் தேவை. டேப் இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு நூல் எடுத்து இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் இடுப்பைச் சுற்றி வர வேண்டும். வராவிட்டால் தொப்பை அளவு மீறிவிட்டது.

எல்லா டெஸ்டும் நார்மல். குண்டாக இருந்தாலும் ஆரோக்கியமாக இருக்க முடியாதா?

இப்போதைக்கு நார்மல் என்பது நல்ல செய்தி, சந்தோஷப்படுங்கள். ஆனால் அப்படி இருக்கிறவர்களில் பலருக்குப் போகப்போகப் பிரஷரோ சுகரோ வந்து சேர்கிறது. வருடம் ஒருமுறை பாருங்கள். நடப்பதை விடாதீர்கள்.

ஆறு மாதமாக நடக்கிறேன். எடை இரண்டு கிலோகூடக் குறையவில்லை. விட்டுவிடலாமா?

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எடை இயந்திரம் உங்கள் இதயத்தை அளப்பதில்லை. அமெரிக்காவின் டல்லாஸில் உள்ள கூப்பர் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டீவன் பிளேயர் குழுவினர் ஆயிரக்கணக்கான ஆண்களை டிரெட்மில்லில் ஏற்றி அவர்கள் தாக்குப்பிடிக்கும் திறனை அளந்து, பிறகு வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். உடல்திறன் குறைந்த ஒல்லி ஆண்களைவிட உடல்திறன் உள்ள பருமனான ஆண்களின் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. பருமன் தொல்லையே இல்லை என்று இதற்கு அர்த்தமாகாது; நடையின் பலன் எடையை நம்பி மட்டும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

2016-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்னொரு ஆய்வு வந்தது. மேலே சொன்ன, பம்பிங் குறையாத இதயச் செயலிழப்பு உள்ள பருமனான முதியவர்கள் 100 பேர், 20 வாரம். உடற்பயிற்சியால் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கிலோவுக்கு நிமிடத்துக்கு 1.2 மில்லி கூடியது. உணவைக் குறைத்ததால் 1.3 மில்லி கூடியது. இரண்டையும் செய்தவர்களுக்கு 2.5 மில்லி. அதாவது உடற்பயிற்சி தருவதை உணவு தராது, உணவு தருவதை உடற்பயிற்சி தராது, இரண்டும் கூடிக்கொள்கின்றன. 2.5 மில்லி கேட்கச் சிறியதாகத் தெரியும். பாத்ரூமுக்குப் போய்வரவே நடுவில் நின்று மூச்சு வாங்கும் ஒருவருக்கு அது, நிற்காமல் போய்வருவதற்கும் நின்று போவதற்கும் உள்ள வித்தியாசம்.

எடைக்குப் பதில் வேறு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, வழக்கமான தெருவைச் சுற்றிவர ஆகும் நேரம், படி ஏறி முடித்தபின் மூச்சு சமநிலைக்கு வர ஆகும் நேரம். ஆறு மாதம் நடந்தவருக்கு இந்த மூன்றில் ஏதோ ஒன்று மாறியிருப்பதைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

எடையைக் கொஞ்சம் குறைத்த பிறகு உடற்பயிற்சி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

அப்படிக் காத்திருந்தவர்கள் பலர் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். இன்றைய எடையோடு ஆரம்பியுங்கள். ஆனால் இதய நோய் ஏற்கெனவே இருந்தாலோ, நெஞ்சுவலி, மயக்கம் வந்திருந்தாலோ, சுகர் நீண்ட நாளாக இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பார்த்து ஈசிஜி, தேவைப்பட்டால் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) எடுத்துவிட்டு வாருங்கள்.

பழனியில் மலை ஏறப் படிப்பாதையும் உண்டு, யானைப்பாதையும் உண்டு. உயரம் ஒன்றுதான். யானைப்பாதை சுற்றிச் சுற்றிச் சரிவாகப் போவதால் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயம் கொடுக்க வேண்டியது குறைவு. பருமனான உடம்புக்கு யானைப்பாதை முறைதான் சரி. முதல் வாரம் சமதரையில் 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. சிரிக்காதீர்கள், அதுவே 15 நிமிடம். அடுத்த வாரம் ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். இடையில் உட்கார்ந்துவிட்டுத் தொடர்ந்தாலும் கணக்கில் சேரும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அதை எட்ட மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை.

வேகத்துக்கு ஒரே விதி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் வேகம் போதாது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு இழுத்தால் அதிகம். நடையின் தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக நடங்கள். வேகமாக நடந்துவிட்டுப் பொத்தென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

நடையோடு தசைப் பயிற்சியும் வேண்டும். கை வைத்த நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுங்கள். முதலில் கையை ஊன்றி 5 தடவை, பழகியபின் கை ஊன்றாமல் 10 தடவை. தொடைத் தசை வலுத்தால் அதே வேலைக்கு இதயம் கொடுக்க வேண்டியது குறைகிறது. எங்கள் ஹாலில் நான் முதல் நாளே சொல்லித்தரும் பயிற்சி இதுதான்.

வெயிலில் நடக்க வேண்டாம். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு சூட்டை வெளியேற விடாது. சித்திரை வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

முழங்கால் வலி. நடக்கவே முடியவில்லை, என்ன செய்வது?

ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குள் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது. அதனால் சிறிது எடை குறைந்தாலும் முட்டிக்கு அது பெரிய விஷயம். அதுவரை உட்கார்ந்தே மிதிக்கும் சைக்கிள், தண்ணீருக்குள் நடப்பது, நாற்காலியில் உட்கார்ந்து கை கால் பயிற்சி. கையால் சுற்றும் பெடலும் இதயத்துக்குப் பயிற்சிதான். வீட்டு வாசல்படியில் ஏறி இறங்கும் பயிற்சியை மட்டும் முட்டி வலி உள்ளவர்கள் யாரையும் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் 160, வீட்டில் பார்த்தால் 140. எதை நம்புவது?

பயத்தால் கூடலாம். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: கையில் சுற்றும் பட்டை. சாதாரண அளவுப் பட்டை பருத்த கையைச் சரியாகச் சுற்றாது. காற்று ஏறும்போது ஒட்டுப்பட்டை சர்ரென்று பிரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். பிரியாமல் நின்றாலும் எண் தப்பாகக் கூடிக் காட்டும். 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. தேவையில்லாத மாத்திரையில் போய் முடியும் அளவுக்கான வித்தியாசம் அது. புஜத்தின் நடுப்பகுதியை அளந்து பாருங்கள். 32 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். வீட்டு இயந்திரம் வாங்கும்போதும் பட்டையின் அளவைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

அவர் குறட்டை விடுவதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

சத்தமான குறட்டை திடீரென்று நின்று, சில விநாடி அமைதியாகி, பிறகு திக்கித் திணறி மறுபடி தொடங்குகிறதா? அந்த அமைதியில் அவருக்கு மூச்சே போகவில்லை. ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு அலறியடித்து எழுகிறது, பிரஷர் எகிறுகிறது. இரவெல்லாம் இது நடந்தால் காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் டீக்கடை பெஞ்சில்கூடத் தூக்கம், மருந்துக்கு அடங்காத பிரஷர், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. இப்படிப்பட்டவருக்கு நடக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? அவர் தூங்கும்போது போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் இயந்திரம் கொடுப்பார்கள்.

ஒழுங்கற்ற துடிப்பு பற்றி ஒரு நல்ல செய்தி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பருமனும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறும் உள்ளவர்களைப் பல வருடம் தொடர்ந்தார்கள். எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. 2015-ல் வெளியான முடிவு.

வாரம் ஒரு ஊசி போட்டால் எடை குறைகிறதாமே? இதயத்துக்கு நல்லதா?

செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகிய ஊசிகளைக் கேட்கிறீர்கள். டிர்செபடைடு, மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாகுளுடைடு, வெகோவி என்ற பெயரில் அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஏற்கெனவே இதய நோய் இருந்து, சுகர் இல்லாத, எடை கூடிய 17,604 பேரிடம் செமாகுளுடைடு சோதிக்கப்பட்டது. மூன்று வருடத்துக்குச் சற்று மேல் கவனித்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் இவற்றில் ஒன்று நேர்ந்தது மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கு, மருந்து போட்டவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு. பம்பிங் குறையாத இதயச் செயலிழப்பு உள்ள 529 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில் எடை 13 சதவீதம் குறைந்தது, ஆறு நிமிட நடைத் தூரம் 21.5 மீட்டர் கூடியது. மருந்தில்லாத ஊசிக்கு 1.2 மீட்டர்தான். இரண்டும் 2023-ல் வந்தவை.

ஆக, இது ஏமாற்று வேலை இல்லை, உண்மையான மருந்து. உண்மையான மருந்து என்பதாலேயே பக்கவிளைவும் உண்டு: குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்குப் பித்தப்பைக் கல். நிறுத்தினால் எடை பெருமளவு திரும்ப ஏறுகிறது. கொழுப்போடு தசையும் கரைகிறது என்பதுதான் என் தொழிலில் எனக்குள்ள கவலை. ஊசி போடுகிறவர்களுக்குத்தான் அந்த நாற்காலிப் பயிற்சி மற்றவர்களைவிட அவசியம். முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று புரதமும் வேண்டும். கடையில் நேராக வாங்கிப் போடாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு எடை அதிகம். எப்படிச் சொல்லித் திருத்துவது?

திருத்த வேண்டாம், கூட நடங்கள். விருந்தில் இலையைப் பார்த்துக் கிண்டல் செய்வது, பேரைவிட்டுக் குண்டு என்று கூப்பிடுவது இதெல்லாம் யாரையும் நடக்கவைத்ததை நான் பார்த்ததில்லை. பார்க்குக்குப் போகவே கூசி வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவருடைய வேகத்துக்கு நீங்கள் நடங்கள். முன்னால் போய்த் திரும்பி நின்று பார்க்காதீர்கள், அது ரொம்ப வலிக்கும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், அது தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல். இதில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் இளைப்பாகவோ, குமட்டலாகவோ, மேல்வயிற்று எரிச்சலாகவோ மாரடைப்பு வரலாம். வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, இஞ்சிச் சாறு குடித்துவிட்டு ஒரு இரவு காத்திருந்து நேரத்தைத் தொலைத்தவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுடைய இதயத் தசையில் ஒரு பகுதி திரும்பி வராது.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஸ்மார்ட் வாட்ச்சில் துடிப்பு 110-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பயிற்சி போதவில்லையா?

மெட்டோபிரலால், பைசோபிரலால் போன்ற மாத்திரைகள் துடிப்பு ஏறுவதைக் கட்டுப்படுத்தும், அதுதான் அவற்றின் வேலை. அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு, பேச்சு வருகிறதா, பாட்டு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.